ஆர்கனுக்குள் ஈறு நிறம்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, குளிருக்கு வேண்டியதைப் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். சுகம் என்று எழுதியது உடம்பைப் பொறுத்தவரை உண்மைதான். மற்றபடி இருவருக்கும் காலில் சக்கரம் கட்டிவிட்டது போல் இருக்கிறது, ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நான் படிக்க எடுத்த நாவலில் கதாநாயகி ஒரு வாரமாக ரயில் நிலையத்திலேயே நின்றுகொண்டிருக்கிறாள், நான் பக்கத்தைத் திருப்பினால்தானே அவள் வண்டி ஏறுவாள். உன் அப்பா கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்து நடந்து தரையைத் தேய்க்கிறார். எதற்கு வந்தோம் என்பது அடுக்களையில் போய் நின்றதும் மறந்துவிடுகிறது, ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்புகிறார். இப்படியே போனால் தண்ணீர் குடித்தே மனிதர் வீங்கிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் பேசியபோது நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர்க்கதையெல்லாம் எழுதிவிட்டு இடமில்லை என்று இதை விட்டுவிடுவேன், என் சுபாவம் எனக்குத் தெரியும். உன் அம்மாவின் ஆர்கனை யாரும் தொடவில்லையே என்று நீ கேட்டாய். துணி போட்டு மூடித்தான் வைத்திருப்போம் என்றேன். அந்தத் துணி அப்போது என் மடியில் இருந்தது. ஆர்கனின் பின்பலகை கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது, திருகாணிகள் எல்லாம் ஒரு கிண்ணத்தில் சாப்பாட்டு மேஜைமேல் இருந்தன, உன் அப்பா எனக்கு எதிரே நின்று சொல்லாதே சொல்லாதே என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. அப்புறம் நீ சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கவும் விடாமல் அது காதிலேயே இருக்கிறது. "அம்மா விட்டுட்டுப் போன மாதிரியே இருந்தாத்தான் எனக்கு வேணும். ஒரு பாகம் மாத்தியிருந்தாலும் அது வேற பெட்டி. வேற பெட்டியை எடுத்துட்டுப் போக நான் இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை." நான் சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது, கல்யாணம் ஆகி நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு நீ முதல்முறையாக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய், அதையும் என் வாயாலேயே கெடுத்துக்கொள்ளவா.

திறந்ததற்குக் காரணம் சொல்கிறேன். நீ வருகிறாய் என்று தெரிந்த அன்று அப்பா ஆசையாகப் போய் சுவிட்சைப் போட்டார். பாட்டுக்கு முன்னாலேயே ஓர் உறுமல் வந்தது, அடைத்த மூக்கோடு ஆள் தூங்குவது போல. நீ எங்கள் பட்டறையைப் பார்த்ததில்லை. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், இந்த மாதிரி பழைய ஆர்கன் எல்லாம் எங்களிடம்தான் வரும், அதனால் அந்த உறுமல் எனக்குப் பழக்கமான குரல். பவர் சப்ளையில் இருக்கும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் வயதாகி உள்ளே காய்ந்துபோனால் அப்படித்தான் உறுமும். பார்த்து மட்டும் சொல் என்று அப்பா கேட்டார், பார்க்கத்தான் திறந்தேன். நினைத்தது சரிதான், இரண்டின் தலையும் பொங்கின பூரிபோல உப்பிப் பக்கவாட்டில் பிசுபிசுவென்று கசிந்திருந்தது. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும், ஃபியூஸ் காப்பாற்றினாலும் காப்பாற்றும், கைவிட்டாலும் விடும். அந்த டிரான்ஸ்ஃபார்மரை இப்போது யாரும் செய்வதில்லை. பட்டறையில் என்னோடு வேலை செய்கிற ஒருவருக்கு மொத்தமா என்று பெயர், அவர் வைத்துக்கொண்டதில்லை, நாங்கள் வைத்தது. ஒரு பாகம் போய்விட்டது என்று சொன்னால் போதும், பக்கத்து வீட்டுப் பாகத்தையும் சேர்த்து மாற்றிவிடுவார். அவரிடம் யார் வீட்டு ஆர்கன் என்று சொல்லாமல் யோசனை கேட்டேன். ஒண்ணு போனா அதுகூடப் பொறந்ததெல்லாம் வரிசையா போகும்க்கா, மொத்தமா மாத்திட்டு நிம்மதியா தூங்குங்க என்றார். வேலையாக எடுத்துக்கொண்டால் அவர் சொல்வது தப்பில்லை. நிம்மதியாகத் தூங்கலாம் என்ற இடத்தில்தான் தப்பு.

பவர் சப்ளையைப் பார்த்ததோடு பலகையை மூடியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஆனால் ஒரு பெட்டியைத் திறந்துவிட்டால் மேலிருந்து கீழ்வரை ஒரு முறை கண்ணை ஓட்டாமல் என்னால் மூட முடியாது. உன் அம்மா எப்போதும் போட்டே வைத்திருப்பாள் என்று நீ சொன்ன அந்த நடுக்கம், அது வருகிற சின்னப் பலகை இடது ஓரத்தில் இருக்கிறது. ஒலியை மெல்ல ஏற்றி இறக்கி நடுங்கவைப்பது அதன் வேலை. நம் ஆர்கனில் அது சீராக நடுங்காது, உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே. மெதுவாகும், நின்றுவிடுமோ என்று தோன்றும், பிறகு எங்கிருந்தோ மறுபடி பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்த புதிதில் அதைக் கேட்டு, கெப்பாசிட்டர் ஒன்று கசிகிறது, ஒரு மணி நேர வேலை என்று நான் சொல்லப்போக, அப்பா அதை மட்டும் தொடாதே என்று அப்படி ஓர் அவசரமாகச் சொன்னார். உன் அம்மாவின் நினைவாக என்று எடுத்துக்கொண்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். இப்போது அந்தப் பலகையைப் பார்த்தேன். ஆர்கன் செய்தவர்கள் வைத்த கெப்பாசிட்டர்கள் எல்லாம் ஒரே சாயலில் பழுப்பாக இருந்தன. ஓர் இடத்தில் மட்டும் நீலத்தில் இரண்டு, ஒன்றன் முதுகில் இன்னொன்று ஏறினது போல் சேர்த்துக் கட்டி வைத்திருந்தது. அங்கே இருக்கவேண்டிய மதிப்பைவிட அந்த இரண்டும் சேர்ந்து நிறையக் கூடுதல், அதனால்தான் நடுக்கம் அவ்வளவு மெதுவாக, தடுக்கித் தடுக்கி வருகிறது. ஈயத்தை உருக்கிப் பற்றவைத்திருந்த லட்சணத்தைப் பார்த்தால் தொழில் தெரிந்தவன் கை இல்லை, மூக்குத்திக்குப் பதில் மூக்கிலேயே உருண்டையை ஒட்டினது போல் இருந்தது. அந்த உருண்டைமேல், கம்பிகள் ஒன்றோடு ஒன்று உரசாமல் இருக்க, ரோஸ் நிறத்தில் ஏதோ வழவழவென்று பூசி மெருகுகூடப் போட்டிருந்தது.

அந்த ரோஸை நான் தினமும் பார்க்கிறேன். உன் அப்பாவின் நகத்தடியில், சட்டைக் கையில், சில நாள் காப்பித் தம்ளரின் விளிம்பில். பல் செட்டுக்கு ஈறு செய்யும் பூச்சு அது. உலகத்தில் எந்த ரிப்பேர்க்காரனும் கம்பி உரசாமல் இருக்க ஈறு பூசமாட்டான். பல் கட்டுகிற ஒருவர்தான் பூசுவார், அதற்கு மெருகும் போடுவார்.

அவரிடம் உடனே கேட்கவில்லை. எனக்கு ஒன்றைக் கேட்க நாலு நாள் வேண்டும், உனக்கும் அப்படித்தான் என்று அப்பா சொல்வார், இரண்டு பேரும் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்பார். அதற்குள் அவர் நிலைமை மோசமாகிவிட்டது. நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தன் பல் பட்டறையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் மேல்வரிசைப் பல் செட்டை ஒரு கடைக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். அந்த மனிதர் வீடுவரை போய்விட்டுத் திரும்பி வந்து, என் வாயில வேற யாரோ சிரிக்கிறாங்கய்யா என்று புகார் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அப்பா பல்லை மாற்றிக் கொடுத்ததே இல்லையாம். நடுவில் உன் அத்தை வேறு வந்தாள். திறந்து கிடந்த ஆர்கனைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று, ஏம்மா, பழசுக்குள்ள புதுசைக் கொண்டுவந்து வச்சா ஒட்டுமா, யாரைக் கேட்டுப் பிரிச்ச என்றாள். ஆர்கனைத்தான் சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டு, ஈயம் நல்லா பிடிச்சா ஒட்டும் அண்ணி என்றேன். அத்தை காப்பி குடித்துவிட்டுத்தான் போனாள், அதனால் பெரிய கோபம் இல்லை.

கடைசியில் புதன்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார். சொன்னதைச் சொன்னபடி எழுதப் பார்க்கிறேன். உன் அம்மா போன சில மாதத்தில், நீ பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாள், தூசி துடைத்தபோது சும்மா போட்டுப் பார்த்தாராம். ஒலி வந்தது, நடுக்கம் வரவில்லை. உன் அம்மாவின் கடைசி வருஷங்களில் தளர்ந்து தளர்ந்து வந்துகொண்டிருந்த பாகம் அன்றைக்கு ஒரேயடியாக நின்றுவிட்டது. நீ தினமும் சாயங்காலம் வந்து பையைக்கூட இறக்காமல் அதன்முன் உட்கார்ந்து, அம்மா சொல்லிக்கொடுத்த ஒரே பாட்டை வாசிப்பாயாம். அன்று நீ வந்தபோது ஃபியூஸ் போய்விட்டது, கடையில் சொல்லியிருக்கிறது, வர நாளாகும் என்று சொல்லியிருக்கிறார். மூடியிருந்த ஆர்கன்முன் நீ உட்கார்ந்துவிட்டுப் போனாயாம். ரிப்பேர்க்காரரைக் கூப்பிடலாமே என்று நான் கேட்டேன். கூப்பிட்டாராம். வந்தவர் சரியான பாகத்தைப் போட்டார், நடுக்கம் கடிகாரம்போல் டக்டக்கென்று ஒழுங்காக வந்தது. அவர் போன கையோடு அப்பா அதைக் கழற்றிவிட்டார். ஒழுங்காக வந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நினைத்தால் எனக்கு ஒரு பக்கம் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது, இன்னொரு பக்கம் வேறு என்னவோ தோன்றுகிறது. கடையில் போய் அளவு பேர் எதுவும் தெரியாமல், இதைவிடக் கொஞ்சம் பெருசு இருக்கா, இதைவிடக் கொஞ்சம் பெருசு இருக்கா என்று செருப்பு வாங்குவது போல வாங்கிக்கொண்டு வருவாராம். நீ பள்ளிக்கூடம் போனதும் பல் செட்டுக்கு மெழுகு உருக்கும் கரண்டியைச் சூடுபண்ணும் அடுப்பிலேயே பற்றவைக்கும் இரும்பைக் காய்ச்சி ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பாராம். வைத்தால் போதாது, கேட்டுப்பார்க்க வாசிக்கவேண்டுமே, அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் நீ வாசிப்பதைப் பார்த்த ஞாபகத்தில் ஒற்றை விரலால் அந்தப் பாட்டின் முதல் வரியைத் தேடித் தேடிக் கற்றுக்கொண்டாராம். கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை வாசிப்பது, உன் அம்மா வாசித்தது எப்படி இருந்தது என்று நினைப்பது, இல்லை என்று கழற்றுவது. கடைசியில் இரண்டு நீலத்தைச் சேர்த்துக் கட்டினபோது சரியாக வந்திருக்கிறது. எழுந்துபோய் முகம் கழுவினாராம். நீ வந்தாய், உட்கார்ந்தாய், வாசித்தாய். திரும்பிப் பார்த்து, "அம்மா வாசிக்கிற மாதிரியே இருக்குப்பா" என்றாய். "அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?" என்று என்னைக் கேட்டார். ஊரில் பாதிப்பேருக்கு வாய் செய்து கொடுத்தவர் கேட்கிற கேள்வியா இது.

இதை உனக்கு எழுதலாமா என்று கேட்டபோது முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவ அம்மாவை அவகிட்டேருந்து ரெண்டாந்தரம் பறிச்ச மாதிரி ஆயிடும் என்றார். நானும் அதை யோசிக்காமல் இல்லை. நீ அந்த ஒலியைத் தேடி வருகிறாய், அந்த ஒலி உன் அம்மா விட்டுவிட்டுப்போன பாகத்தில் இல்லை என்று சொல்ல நான் யார். சொல்லாமலே இருந்தால் நீ வருவாய், ஒன்றும் மாற்றவில்லை என்று சந்தோஷப்படுவாய், ஆர்கனை எடுத்துக்கொண்டு போவாய். அங்கே ஒரு நாள் உறுமல் தாங்காமல் எவனாவது ஒரு ரிப்பேர்க்காரனைக் கூப்பிடுவாய். அவன் ரோஸ் பூச்சைப் பார்த்துச் சிரிப்பான், எந்த மடையன் வேலை இது என்று கேட்டுக்கொண்டே சரியான பாகத்தைப் போடுவான். பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு, கழற்றின பாகத்தை மறுபடி யாரும் தப்பித் தவறி எடுத்துப் போடக்கூடாது என்று அதன் காலை ஒட்ட வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவோம். அவனும் அப்படித்தான் செய்வான். நடுக்கம் டக்டக்கென்று வரும். எது போயிற்று என்றுகூட உனக்குத் தெரியாது, இவ்வளவு தூரம் கொண்டுவந்ததால் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வாய். இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு, துண்டைத் தேடி, துண்டு தோளிலேயே இருக்கிறது என்று கண்டுபிடித்து, வந்து உட்கார்ந்தார். "நான் எழுத மாட்டேன். நீ எழுது. ஆனா நான் அழுதேன்னு எழுதாத" என்றார். அதனால் அதை எழுதவில்லை.

உன் அம்மா காலத்தில் இருந்த அந்தப் பாகத்தை அப்பா எறியவில்லை. தன் பட்டறையில் பல் அச்சுகள் அடுக்கியிருக்கும் அலமாரியில், யாரும் வாங்கிக்கொண்டு போகாத பல் செட்டுகளுக்கு நடுவில், ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். அதைத்தான் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பழுப்பு நிறத்தில், சுண்டுவிரல் நுனியளவு இருக்கும். காலை வெட்டவில்லை. அளந்துபார்த்தேன், உள்ளே ஒன்றும் இல்லை, அதற்கு இனி உயிர் வராது, ஆனால் உன் அம்மா வாசித்த நாளெல்லாம் நடுங்கினது இதுதான். அந்த நடுக்கம் எப்படி இருந்ததோ அதை உன் அப்பா ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடிப் பிடித்தார், அது சரிதானா என்று சொல்ல உன் காது ஒன்றுதான் சாட்சி, அந்தக் காது அன்றைக்கே ஒத்துக்கொண்டுவிட்டது. இதற்கு மேல் நான் பேசினால் அதிகப்பிரசங்கம்.

இப்போது உன்னைக் கேட்பது இதுதான். பவர் சப்ளையில் இருக்கும் அந்த இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களையும் மாற்றவேண்டும். மாற்றினால் ஒலியில் எதுவும் மாறாது, உறுமல் மட்டும் போகும், இதை நான் தொழில்மேல் வைத்துச் சொல்கிறேன். நடுங்குகிற பலகையில் ரோஸ் பூச்சின் பக்கம் என் இரும்பு போகாது. நீ வேண்டாம் என்றால் எதையும் மாற்றாமல் பலகையை மூடிவிடுகிறேன். நீ இப்போதைக்கு வரவில்லை என்றாலும் சரி, அதையும் எழுது, ஆனால் கோபத்தில் முடிவுபண்ணாதே. கோபம் வந்தால் என்மேல் வரட்டும், அப்பாமேல் வேண்டாம், என்மேல் வந்தால் அது ஏற்கெனவே பழகின இடம், வழி தெரியும். உன் அப்பா தினமும் பலகைக்குப் பின்னால் குனிந்து அந்த இரண்டு உப்பின தலைகளையும் டார்ச் அடித்துப் பார்க்கிறார், கொஞ்சம் இறங்கியிருக்கோ என்று என்னைக் கேட்கிறார். வீக்கம் இறங்குகிற ஜாதி இல்லை அது என்று எத்தனை முறை சொல்வது. நானும் பட்டறையில் ஒரு ரேடியோவின் கம்பிகளை மாற்றி வைத்துவிட்டு, மொத்தமாவிடம் பேச்சு வாங்கினேன். பதில் வரும்வரை இந்த வீட்டில் எவருக்கும் வேலை ஓடப்போவதில்லை.

வேறு விசேஷம் இல்லை. உன் அறையை வெள்ளையடிக்கலாமா என்று அப்பா கேட்டார், அதற்கும் உன் அனுமதி வேண்டும் என்றேன், சிரித்தார், நாலு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ராத்திரி வேலை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் என்றாயே, தொடர்ந்து போட்டால் மேலதிகாரியிடம் வாயைத் திறந்து சொல், நம் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை, நீயாவது ஆரம்பித்து வை. கடைசியாக அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. அப்பா அதைப் பார்த்து உன் கடைவாய்ப் பல் சரியில்லை என்கிறார், நான் சாப்பாடு சரியில்லை என்கிறேன், இரண்டையும் பார்த்துக்கொள்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. நல்ல மனிதர்கள் பக்கத்தில் அமையட்டும், உடம்பு ஒத்துழைக்கட்டும், நீ நினைத்தது நீ நினைத்தபடியே கைகூடட்டும். உறையைப் பிரிக்கும்போது மெதுவாகப் பிரி, உள்ளே இருப்பதன் கால்கள் மெல்லிசு, ஒடிந்துவிடும். நாலு வரியானாலும் பதில் போடு, அப்பா பெயருக்கே போடு.

இப்படிக்கு,
என்னவென்று கூப்பிடுவது என்று நீ இன்னும் முடிவு பண்ணாத
சித்தி

பி.கு. உறையை ஒட்டப்போகும்போது அப்பா ஒரே ஒரு தரம் கேட்டுவிடுகிறேன் என்று நின்றார். வேண்டாம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. உட்கார்ந்து ஒற்றை விரலால் உன் பாட்டை வாசித்தார், நான் இருக்கும்போது அவர் வாசித்தது இதுதான் முதல்தடவை. நடுக்கம் மெதுவாகி, நின்று, மறுபடி பிடித்துக்கொண்டது. முதல் வரி முடிவதற்குள் உறுமல் ஏறி எல்லாம் அடங்கிவிட்டது. பார்த்தேன், டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்திருக்கிறது. இந்த முறை நிஜமாகவே ஃபியூஸ் போய்விட்டது. புது ஃபியூஸ் இழுப்பறையில் இருக்கிறது, நான் போடவில்லை.